ரியாசுதீன் பாய் தன் வீட்டைத் தயார் செய்தார்

செஞ்சியில் யாராவது பழைய வீட்டை விற்பதாக இருந்தால் முதலில் தரகர் காமராஜிடம்தான் சொல்வார்கள். காமராஜ் வந்து வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். "பாயை அனுப்பி வெக்கிறேன். அவர் வேலை முடியட்டும், அப்புறம் ஆளு கூட்டாறேன்" என்பார். பாய் என்றால் ரியாசுதீன் பாய். அவர் கை படாத வீட்டைக் காமராஜ் யாருக்கும் காட்டியதில்லை.

ரியாசுதீனின் அத்தா வெறும் வெள்ளையடிப்பவர். கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தொட்டியில் ஊறவைத்து, துளி நீலம் கலந்து, பொங்கலுக்கும் ரம்ஜானுக்கும் ஊர் முழுக்க அடித்தவர். மகனும் வெள்ளையடிக்கிற அதே மட்டையைப் பிடித்துத்தான் தொடங்கினார். கடைத்தெருவை ஒட்டிய வீடுகள் ஒவ்வொன்றாகக் கைமாறத் தொடங்கிய காலத்தில் அவருக்கு ஒன்று புரிந்தது. குடியிருக்கிற வீட்டுக்கு அடிக்கிற வெள்ளை வேறு, விற்கிற வீட்டுக்கு அடிக்கிற வெள்ளை வேறு. குடியிருப்பவர்களுக்கு அழுக்குப் போனால் போதும். விற்பவர்களுக்கு அழுக்கோடு சேர்ந்து ஆளும் போக வேண்டும்.

அதைத்தான் அவர் தன் தொழிலாக வைத்துக்கொண்டார். சுவரில் ஓர் ஆணி இருக்க விடமாட்டார். ஆணி இருந்தால் அதில் யார் படம் தொங்கியது என்று பார்க்க வருகிறவர் யோசிப்பார். தலை சாய்த்து உட்கார்ந்து எண்ணெய் ஏறிய சுவரை மேலாகப் பூசி மறைக்கமாட்டார்; காரை தெரியச் சுரண்டியெடுத்துப் பட்டி பூசிச் சமன் பார்ப்பார். நிலைக்கட்டையில் பிள்ளைகளின் உயரத்தைக் கீறி வைத்திருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார். சமையலறைச் சுவரைச் சோடா உப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிட்டுச் சாம்பிராணி போடுவார். வாங்க வருகிறவர்கள் சைவக்காரர்கள் என்று காமராஜ் சொல்லிவிட்டால், அதுவரை கறி மீன் ஆக்கவேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் கூச்சப்படாமல் சொல்லிவிடுவார். வாசல் நிலைக்கு மேலே பதித்த ஓட்டில் முருகன் இருந்தாலும் சரி, 786 என்று இருந்தாலும் சரி, உடையாமல் பெயர்த்துத் துணியில் சுற்றி வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு அந்த இடத்தைச் சமமாகப் பூசுவார்.

"இன்னார் வீடுன்னு தோணவே கூடாது காமராஜு. யார் வீடும் இல்லன்னு தோணணும். அப்பதான் வர்றவன் இது நம்மளுதுன்னு நெனைப்பான்" என்பார்.

தரை கழுவும் வேலைக்கு மனைவி மெஹபூப் பீயைக் கூட்டிப்போவது வழக்கம். வேலை முடிகிற அன்று அந்த அம்மாள் வந்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சிந்திய சுண்ணாம்புச் சொட்டுகளையெல்லாம் தேங்காய் நார் போட்டுத் தேய்த்து, பினாயில் ஊற்றிக் கழுவிவிடுவார். அடுத்தவர் வீட்டைக் கழுவுகிறோம் என்ற எண்ணம் அவருக்கு இருந்ததில்லை. புருஷனின் வேலை அழகாக முடியவேண்டும் என்பதுதான் கணக்கு.

அந்த மெஹபூப் பீக்கு மறதி வந்தது. குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டதில் ஆரம்பித்தது. பிறகு அடுப்பில் பால் இருப்பது மறந்தது, பிறகு ரேஷன் கடைக்குப் போகிற வழி மறந்தது. ஒரு நாள் ஊருக்கு வெளியே மல்லாட்டைப் பயிர்க் கொல்லைப் பக்கம் நின்றுகொண்டிருந்தவரைச் சிங்கவரத்துக்காரர் ஒருவர் அடையாளம் கண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கூட நடந்து வீட்டில் விட்டுவிட்டுப் போனார். விழுப்புரத்தில் பெரிய டாக்டரிடம் காட்டினார்கள். இது திரும்பி வருகிற சங்கதி இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். "பழகினதோடயே இருக்கட்டும், பெரியவரே. அது ஒண்ணுதான் மருந்து" என்றார். பழகின மனிதர்களைச் சொல்கிறார் என்று ரியாசுதீன் எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்குள் இருந்தவரை மெஹபூப் பீக்குக் குறை தெரியவில்லை. காலையில் எழுந்து இருட்டிலேயே சுவரைத் தடவிக்கொண்டு கொல்லைக்குப் போய் வருவார். தண்ணீர்க் குடம் எங்கே, டம்ளர் கவிழ்க்கிற மாடம் எங்கே, முதுகு சாய்க்கிற சுவர் எது என்பதெல்லாம் கைக்கும் முதுகுக்கும் தெரிந்திருந்தது. மகளின் பெயர் வாய்க்கு வராத நாளில்கூட மாடத்துக்குக் கை சரியாகப் போனது. தெருவுக்குப் போனாலும், தங்கள் வீட்டுப் பச்சைக் கதவைப் பார்த்ததும் உள்ளே நுழைந்துவிடுவார்.

போன ஐப்பசியில் ரியாசுதீனுக்குச் சாரத்தில் நிற்கும்போதே மார்வலி வந்தது. புதுச்சேரிக்குக் கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தபோது அவருக்குத் தன் நெஞ்சைப் பற்றிய கவலை வரவில்லை. தான் முந்திக்கொண்டால் அவளை யார் பார்ப்பார்கள் என்ற ஒன்றுதான் திரும்பத் திரும்ப வந்தது. இப்போது பக்கத்து வீட்டுக் குஞ்சம்மாள் பார்த்துக்கொள்கிறாள். எத்தனை நாளைக்குப் பார்ப்பாள்?

ஒரே மகள் ரிஹானா திண்டிவனத்தில் இருக்கிறாள். அவள் வீட்டில் இரண்டே அறை. மாமியாரும் கூட இருக்கிறார்.

"பக்கத்துல காலி எடம் கெடக்குது, அத்தா. ஒரு ரூமு போட்டுட்டா ரெண்டு பேரும் வந்துடலாம். உங்களுக்கு ஒண்ணுன்னாலும் அம்மா என்கிட்ட இருப்பாங்க. வீட்டைக் குடுத்துடுங்க" என்று அவள் போனில் சொன்னாள்.

அவருக்கும் வேறு வழி தோன்றவில்லை. வீடு விற்றாக வேண்டும், அதுவும் தனக்கு நடமாட்டம் இருக்கும்போதே.

காமராஜிடம் சொன்னபோது அவர் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னா பாய், ஊர்ல இருக்கற வீட்டுக்கெல்லாம் தாலி அறுத்து வெச்சி, கடைசியில உங்க வீட்டுக்கே வந்துட்டீங்களா?"

"வாயைக் கழுவுடா. நெஞ்சுல கம்பி வெச்சிருக்கறவனை சிரிக்க வெச்சிக் கொன்னுடாத."

"உங்ககிட்ட கமிஷன் கேட்டா எங்க ஊட்டுக்காரி சோறு போடமாட்டா. அதை வுடுங்க. ஆளு யாருன்னா, கடைத்தெருவுல பாத்திரக் கடை பாலசுப்பிரமணியன். தம்பிகாரனை விட்டுப் பிரிஞ்சி வர்றாரு. நல்ல மனுஷன். ஆனா..." காமராஜ் நிறுத்தினார். மற்ற வீடுகளில் சர்வ சாதாரணமாகச் சொல்வதை இங்கே சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

"சைவம். அதானே? நான் பாத்துக்கறேன். எனக்கா நீ சொல்லிக் குடுக்கப் போற?" என்றார் ரியாசுதீன்.

அன்றே வேலையைத் தொடங்கினார். எந்த வீட்டையும் பின்னாலிருந்து முன்னால் வருகிறபடிதான் அவர் தயார் செய்வார். வாசல் கடைசியில். தன் வீட்டுக்கும் அதே முறைதான். படங்களையும் சில்லறைச் சாமான்களையும் இரண்டு பெட்டிகளில் போட்டுக் குஞ்சம்மாள் வீட்டு மாடியில் ஏற்றிவைத்துவிட்டு, சமையலறையில் கை வைத்தார். புகை ஏறிய சுவரை மூன்று தரம் கழுவினார். டம்ளர் கவிழ்க்கும் மாடம் எண்ணெய்ப் பிசுக்கேறி இருந்தது. இந்தக் காலத்துச் சமையலறைக்கு மாடம் பொருந்தாது என்று செங்கல் வைத்து அடைத்துப் பூசிவிட்டார். குடம் இருந்த மேடையை உடைத்துத் தரையைச் சமப்படுத்தினார். கறி ஆக்குவது நின்றது. வீட்டில் பினாயிலும் சாம்பிராணியும் மட்டும் மணந்தன.

மறுநாள் காலை டம்ளர் கீழே விழுந்த சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தார். மெஹபூப் பீ பூசிய சுவரின் முன் கையை நீட்டியபடி நின்றிருந்தார்.

"ஈரமா இருக்குது. கை வெக்காத" என்றார் ரியாசுதீன்.

"இங்க வெப்பேனே."

"இனிமே அந்தப் பக்கம் ஸ்டாண்டுல வெச்சுக்கலாம்."

சரி என்று தலையாட்டினார். அடுத்த வேளையும் டம்ளர் கீழே விழுந்தது. எவர்சில்வர்தான், நெளிந்ததோடு சரி. பெயின்ட் வாடை தலைக்கு ஏறியிருக்கும், வேலை முடிந்தால் சரியாகிவிடும் என்று ரியாசுதீன் நினைத்துக்கொண்டார். அவருடைய கவனம் வேலையில் இருந்தது. மார்வலிக்குப் பிறகு அவர் எடுத்த முதல் வேலை இது. கை இன்னும் கெட்டுப்போகவில்லை என்று தெரிந்ததில் உள்ளுக்குள் ஒரு திருப்திகூட இருந்தது.

கூடத்துக்கு வந்தார். மனைவி வருஷக்கணக்காகச் சாய்ந்து உட்கார்ந்த சுவரில் தலையளவுக்கு எண்ணெய்க் கறை. சுரண்டி, பட்டி பார்த்து, தேய்த்து, இளம் மஞ்சளில் டிஸ்டம்பர் அடித்தார். கட்டிலை ஜன்னலோரம் திருப்பிப் போட்டார். அப்படிப் போட்டால்தான் கூடம் அகலமாகத் தெரியும், ஜன்னல் வழியாக மலைமேல் கோட்டைச் சுவரும் கண்ணில் படும். வாசல் நிலைக்கு மேலிருந்த 786 ஓட்டைப் பெயர்த்தார். கடைசியில் வாசல் கதவுக்கு வந்தார். பழைய பச்சையைத் தின்னர் போட்டுச் சுரண்டி, பிரைமர் அடித்து, மேலே காப்பிக்கொட்டை நிறம் அடித்தார்.

காமராஜ் வந்து செல்போனில் படம் எடுத்தார். வீட்டைத் திரையில் காட்டினார்.

"பாத்தீங்களா பாய்? பாண்டிச்சேரி வீடு மாதிரி இருக்குது. நானே உங்க வீட்டைத் தாண்டிப் போயிட்டுத் திரும்பி வந்தேன்."

ரியாசுதீனுக்கு அது பாராட்டாகத்தான் பட்டது. மிச்சமிருந்த தின்னரை ஹார்டுவேர் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வரலாம் என்று புறப்பட்டார்.

திரும்பி வந்தபோது மெஹபூப் பீ கூடத்துத் தரையில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தார். புடவை தூக்கிச் செருகியிருந்தது. கையில் தேங்காய் நார். முகத்தில் நெடுநாளாகக் காணாத தெளிவு. ரியாசுதீனுக்கு மனசு நிறைந்துபோனது. வேலை முடிந்ததும் சரியாகிவிட்டது என்று நினைத்தார்.

"எதுக்கு நீ செய்யற? நான் கழுவ மாட்டேனா?"

"இந்த மூலையில சொட்டு வுட்டிருக்கீங்க. பாக்கறவங்க கண்ணு மொதல்ல அங்கதான் போவும்" என்றார் மெஹபூப் பீ. கையை உதறிக்கொண்டு எழுந்தார். கூடத்தை ஒரு முறை பார்த்தார். "நல்லா வந்திருக்குதுங்க. யார் வீடு இது?"

ரியாசுதீன் கீழே கிடந்த தேங்காய் நாரை எடுத்தார்.

"வாங்க, பொழுது போறதுக்குள்ள நம்ம வீட்டுக்குப் போயிடலாம். ரிஹானா பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசல்ல நிப்பா" என்று மெஹபூப் பீ செருப்பை மாட்டிக்கொண்டார்.

அவரைப் பிடித்து உட்காரவைக்கப் பெரும்பாடு பட்டார் ரியாசுதீன். இதுதான் நம்ம வீடு என்றார். மெஹபூப் பீ சிரித்தார். கேலி செய்கிறார் என்று நினைத்துக்கொண்டார். மறுபடியும் சொன்னபோது சிரிப்புப் போய்ப் பயம் வந்தது. அந்தப் பயத்தைப் பார்த்ததும் ரியாசுதீன் சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

பிறகு அவர் செய்தது எந்த வீட்டிலும் செய்யாத காரியம். தான் செய்ததை அழிக்க ஆரம்பித்தார். குஞ்சம்மாள் வீட்டு மாடியிலிருந்து பெட்டியை இறக்கி, தன் மாமனார் படத்தை எடுத்து, கூடத்துச் சுவரில் பழைய இடத்தை நிதானித்து ஓர் ஆணியை வைத்துச் சுத்தியலால் அடித்தார். புதுப் பட்டி பெயர்ந்து விழுந்தது.

மெஹபூப் பீ பதறி எழுந்து வந்து அவர் கையைப் பிடித்தார். "இன்னா பண்றீங்க? அடுத்தவங்க வீடு. வீட்டுக்காரங்க வந்தா நம்மளத்தான் திட்டுவாங்க."

ரியாசுதீன் படத்தைக் காட்டினார். "எங்க அத்தா" என்று சரியாகச் சொன்னார் மெஹபூப் பீ. "இதை ஏன் இங்க தூக்கியாந்தீங்க?"

ரியாசுதீன் சுத்தியலைக் கீழே வைத்தார். கொல்லை மூலையில் கிடந்த பழைய பச்சை பெயின்ட் டப்பாவைத் தேடி எடுத்தார். மேலே ஏடு கட்டியிருந்தது. அதைக் கிழித்து, கலக்கி, வாசல் கதவின் உள்பக்கத்தில் கையகல இடத்துக்கு அடித்தார். அடித்து முடித்து மனைவியின் தோளைப் பிடித்து அழைத்து வந்து நிறுத்தினார்.

"இந்தக் கலரு எங்கியாவது பாத்திருக்கியா?"

மெஹபூப் பீ தலையைச் சாய்த்துப் பார்த்தார். அந்த நேரத்தில் அவர் முகத்தில் ஏதோ ஒன்று வந்து நின்றது என்று ரியாசுதீனுக்குத் தோன்றியது. தோன்றியது மட்டும்தான்.

"இந்த வீட்டுக்கு எடுப்பா இல்லைங்க. அந்தக் காப்பி கலரே இருக்கட்டும்" என்றார் மெஹபூப் பீ.

மறுநாள் ஆள் வருவதாக இருந்தது. ரியாசுதீன் விடிந்ததும் எழுந்து பச்சையின் மேல் காப்பிக்கொட்டை நிறத்தை அடித்தார். பட்டி பெயர்ந்த இடத்தைப் பூசி அடைத்தார். ஒட்டுத் தெரியவில்லை.

பாலசுப்பிரமணியனும் அவர் மனைவி சாந்தியும் காமராஜோடு வந்தார்கள். பாலசுப்பிரமணியன் கிணற்றை எட்டிப் பார்த்தார், மொட்டை மாடிக்கு ஏறி இறங்கினார், சுவரை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார். சாந்தி சமையலறையில் நின்று மூச்சை இழுத்துவிட்டுப் புருஷனைப் பார்த்து லேசாகத் தலையாட்டினாள். காமராஜ் ரியாசுதீன் பக்கம் திரும்பிக் கண்ணைக் காட்டினார். முடிந்த மாதிரிதான்.

சாந்தி கூடத்தில் உட்கார்ந்திருந்த மெஹபூப் பீயிடம் வந்தாள். "ஏம்மா, வெயில் காலத்துல இங்க காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து வரும்?"

"தெரியாதும்மா. நாங்க வேலைக்கு வந்தவங்க. வீட்டுக்காரங்க வந்தா கேட்டுச் சொல்றேன்."

பாலசுப்பிரமணியன் சட்டென்று திரும்பினார். "இன்னா காமராஜ்? வீட்டுக்காரங்க வேறயா? பத்திரம் யார் பேர்ல இருக்குது? முன்னாலயே சொல்ல வேணாமா?"

எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பொய் சொல்லி மழுப்பிய காமராஜ், உண்மையைச் சொல்ல வேண்டிய இடத்தில் ரியாசுதீனைப் பார்த்தார்.

"வீடு எங்களுதுதாங்க. பத்திரம் என் பேர்ல. அவங்களுக்கு ஞாபகம் இல்ல" என்றார் ரியாசுதீன். மனைவியின் காதுபட அதை அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மெஹபூப் பீயோ வேறு யாரையோ சொல்கிறார்கள் என்பதுபோல் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தார்.

சாந்தியின் குரல் தணிந்தது. "எப்பலேர்ந்துங்க பாய் இப்படி?"

"வெள்ளையடிச்சதுலேர்ந்து."

சாந்திக்கு அது விளங்கவில்லை. காமராஜுக்கு விளங்கியது. அவர் எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

வீடு அவர்களுக்கே போனது. பாலசுப்பிரமணியன் நல்ல மனிதர்தான். திண்டிவனத்தில் அறை எழும்பும்வரை இருந்துகொள்ளச் சொன்னார். இருந்தார்கள். அந்த நாள்கள் முழுவதும் சாயங்காலமானால் மெஹபூப் பீ செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். ரியாசுதீன் அவரைத் தெருக்கோடிவரை நடத்திக்கொண்டு போய், வேறொரு பேச்சுக் கொடுத்து, திரும்பவும் அதே கதவுக்குக் கூட்டிவருவார். இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கிறது, முடித்துவிட்டுப் போகலாம் என்பார். வேலை என்றால் மெஹபூப் பீ தட்டமாட்டார்.

வீட்டைக் காலி செய்யும் நாளை நினைத்து அவர் முன்பெல்லாம் பயந்ததுண்டு. அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்பாள், தெருவே வேடிக்கை பார்க்கும் என்று நினைத்திருந்தார். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ரிஹானாவின் புருஷன் சாமான்களை வண்டியில் ஏற்றி முன்னால் போய்விட்டான். குஞ்சம்மாள் மெஹபூப் பீயைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். மெஹபூப் பீ அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார். தெருமுனை திரும்பியதும், "பாவம், அந்தம்மா வீட்டுல யாருக்குங்க இன்னா ஆச்சு?" என்று கேட்டார். திரும்பிப் பார்க்கவில்லை. நடையில் ஓர் அவசரம் இருந்தது. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவரின் அவசரம்.

திண்டிவனம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் கடைத்தெருவைத் தாண்டி வேகமெடுத்தபோது கண்டக்டர் வந்தார். ரியாசுதீன் பையில் சில்லறை தேடுவதற்குள் மெஹபூப் பீ முந்திக்கொண்டார்.

"செஞ்சி ரெண்டு குடுப்பா."

"செஞ்சியிலதானம்மா ஏறுன. இன்னாம்மா நீ" என்றார் கண்டக்டர். பின்சீட்டில் யாரோ சிரித்தார்கள்.

"திண்டிவனம் ரெண்டு" என்றார் ரியாசுதீன்.

கண்டக்டர் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார். மெஹபூப் பீ கொஞ்ச நேரம் வெளியே ஓடுகிற கொல்லைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கணவர் பக்கம் சாய்ந்து, மற்றவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் தணிந்த குரலில் கேட்டார்.

"நம்ம வீடு செஞ்சியிலதானங்க இருக்குது?"

"ஆமா" என்றார் ரியாசுதீன்.

"பின்ன ஏன் அந்தாளு அப்படிச் சொல்றான்?"

ரியாசுதீன் அவர் கையை எடுத்துத் தன் மடிமேல் வைத்துக்கொண்டார். திண்டிவனம் போய்ச் சேரும்வரை விடவில்லை.